ஒரே படிமத்திலிருந்து பல இயந்திரங்கள்: மெய்நிகர் இயந்திரங்களுக்கான இயங்குதளப் படிமத்தைத் தயாரிக்கும் முறை

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிக் கல்லூரிகளில் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதித் தோல், காலணி நிறுவனங்களின் அலுவலகங்களில் ஓரிரு சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அடிக்கடி வந்து சேரும் வேலை ஒன்று உண்டு. ஒரே மாதிரியான பல மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது ஓர் உண்மையான கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகளை, குறைந்த நேரத்தில் உருவாக்கித் தர வேண்டும். ஒன்று கெட்டுப்போனால் அதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதொன்றை உடனே எழுப்பவும் வேண்டும். ஒவ்வோர் இயந்திரத்திலும் இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவிக்கொண்டிருந்தால் இது நடக்காது. ஒருமுறை கவனமாக நிறுவி, அந்த வட்டை ஒரு கோப்பாகப் பாதுகாத்து, தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்து நகல் எடுப்பதே இதற்கான வழி. டிஸ்க் இமேஜ் என்று நாம் சொல்லும் வட்டுப் படிமம் என்பது அந்தக் கோப்புதான். இந்த வேலையை இதுவரை செய்து பார்க்காதவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். லினக்ஸ் முனையத்தில் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். அவற்றின் விருப்பத்தேர்வுகளை அந்தந்தக் கட்டளையின் மேன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இயங்குதளத்தை நிறுவி முடித்ததும் படிமம் தயாராகிவிட்டது என்று புதியவர்கள் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அப்போது வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. நிறுவி முடித்த இயங்குதளம் ஒரு குறிப்பிட்ட இயந்திரமாக ஆகியிருக்கும்: அதற்கென்று ஒரு பெயரும், ஓர் அடையாள எண்ணும், மறைகுறியாக்கத்துக்கான கீகளும், வலையமைப்பு அட்டையைப் பற்றிய நினைவும் ஏற்பட்டிருக்கும். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் லாஸ்ட் என்று சொல்லப்படும் கால் அச்சு, ஓர் அளவுக்குப் பொதுவான வடிவத்தை மட்டுமே தாங்கியிருக்கும். எந்த ஒருவரின் காலுக்கும் உரிய தனித்தன்மை அதில் இராது. படிமமும் அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லா நகல்களுக்கும் பொதுவானது படிமத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தனியானது அந்தந்த நகல் முதன்முறை துவங்கும்போது உருவாகட்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியைப் பின்பற்றியே அமைந்திருக்கின்றன.

தொடங்கும் முன்: சொந்தப் படிமம் தேவைதானா?

உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவை கிளவுட் இமேஜ் என்ற பெயரில் ஆயத்தப் படிமங்களைத் தாங்களே வெளியிடுகின்றன. சாதாரண லினக்ஸ் சர்வர் மட்டும் போதுமென்றால் அவற்றைப் பதிவிறக்கிப் பயன்படுத்துவதே அறிவுடைமை என்பது என் கருத்து. நாம் பல மணி நேரம் செய்யப்போகும் தூய்மை வேலையை அவர்கள் ஏற்கனவே ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். டெபியனில் ஜெனரிக், ஜெனரிக்கிளவுட், நோகிளவுட் என்று வகைகள் உண்டு. ஜெனரிக்கிளவுட் மெய்நிகர் வன்பொருளுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் கொண்டது. ஜெனரிக் மற்ற வன்பொருள் டிரைவர்களையும் உடன்கொண்டது. நோகிளவுட் கடவுச்சொல் இல்லாமலே ரூட் பயனராக நுழைய விடுவது, ஆகவே சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே ஏற்றது.

இந்த ஆயத்தப் படிமங்களை முதன்முறை எடுத்தவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். உபுண்டு படிமத்தில் உபுண்டு என்ற பயனர் உண்டு, ஆனால் கடவுச்சொல் கிடையாது. பின்னால் விளக்கவிருக்கும் கிளவுட்-இனிட் வழியாக ஒரு கீயையோ கடவுச்சொல்லையோ கொடுக்காவிட்டால் யாராலும் உள்ளே நுழைய முடியாது. அடுத்து, அந்தப் படிமத்தின் வட்டு அளவு சில ஜிபி மட்டுமே. துவக்குவதற்கு முன்பே க்யூஎமு-இமேஜ் ரீசைஸ் கட்டளையால் பெரிதாக்கிக்கொள்ளாவிட்டால், மென்பொருள்களை நிறுவத் தொடங்கியதுமே இடம் தீர்ந்துவிடும்.

கல்லூரியின் பாடத்திட்டத்துக்கான மென்பொருள்கள், தமிழ் எழுத்துருக்கள், தனி வட்டுப் பகிர்வு, அலுவலகத்தின் பாதுகாப்பு அமைப்புகள் போன்றவை வேண்டுமானால் சொந்தப் படிமம் தேவைப்படும்.

ஹோஸ்ட் கணினியைத் தயார்செய்தல்

மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கப்போகும் கணினியை ஹோஸ்ட் என்கிறோம். வன்பொருளை மென்பொருளால் போலச் செய்யும் க்யூஎமு (2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் வெளியிட்டது), செயலியின் மெய்நிகராக்க வசதியைப் பயன்படுத்தி அதை வேகமாக்கும் கேவிஎம் (2007இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.20 பதிப்பில் சேர்க்கப்பட்டது), இவை இரண்டையும் ஒழுங்குபடுத்தும் லிப்விர்ட் ஆகிய மூன்றையும் வைத்தே இங்கே விளக்குகிறேன், ஏனென்றால் இவை கட்டணமின்றிக் கிடைப்பவை, எந்த லினக்ஸ் வழங்கலிலும் நிறுவத்தக்கவை.

முதலில் செயலி மெய்நிகராக்கத்துக்கு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். ப்ராக் அடைவிலுள்ள சிபியூஇன்ஃபோ கோப்பில் இன்டெல் செயலியாக இருந்தால் விஎம்எக்ஸ் என்றும், ஏஎம்டி செயலியாக இருந்தால் எஸ்விஎம் என்றும் ஒரு கொடி காணப்படும். அது இல்லையென்றால் பெரும்பாலும் பயாஸ் அமைப்பில் அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆய்வகங்களுக்கு மொத்தமாக வாங்கிய கணினிகளில் இதைப் பலமுறை காணலாம். இதை இயக்காமலே தொடர்ந்தாலும் க்யூஎமு வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளாலேயே போலச் செய்ய வேண்டியிருப்பதால் மிக மெதுவாக நகரும். கணினி பழையது என்று எண்ணிப் பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

அதன்பின் க்யூஎமு, லிப்விர்ட், விர்ட்-மேனேஜர், விர்ட்-இன்ஸ்டால் ஆகியவற்றோடு லிப்கெஸ்ட்எஃப்எஸ் கருவித் தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் படிமத்தைத் துவக்காமலேயே திறந்து உள்ளே மாற்றம் செய்ய உதவுவது. உங்கள் பயனர் பெயரை லிப்விர்ட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

நிறுவல் கோப்பைப் பெறுதல்

ஐஎஸ்ஓ கோப்பை வழங்கலின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். இறங்கி முடிந்ததும் அதன் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் கொடுத்துள்ளதோடு ஒப்பிடுவது கட்டாயம். இணைப்பு நடுவில் அறுந்து மீண்டும் தொடர்ந்த கோப்பு, அளவில் சரியாக இருந்தும் உள்ளே பழுதாக இருக்கக்கூடும். அந்தப் பழுது நிறுவலின்போது தெரியாமல், நகல்கள் எல்லாம் பரவிய பிறகு ஏதோ ஒரு மென்பொருளில் வெளிப்பட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் வேலூரின் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். அந்த நாட்களில் மின்சாரம் தடைபடும் வாய்ப்பையும் எண்ணி, ஹோஸ்ட் கணினியை யூபிஎஸ்ஸில் இணைத்துவிட்டே இந்த வேலையைத் தொடங்குங்கள். நிறுவல் பாதியில் நின்றால் மீண்டும் செய்துகொள்ளலாம். படிமத்தின் அளவை மாற்றிக்கொண்டிருக்கும்போது நின்றால் படிமமே பாழாகும்.

எந்தக் கோப்பு வடிவம்?

ரா என்ற வடிவம் வட்டை அப்படியே பைட்டுக்குப் பைட்டாக வைத்திருப்பது. எளிமையும் வேகமும் அதன் பலம். க்யூகவ்2 என்பது க்யூஎமுவின் சொந்த வடிவம். எழுதப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் இடம் எடுத்துக்கொள்வது, சுருக்கம், வட்டின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட், ஒரு படிமத்தின்மேல் இன்னொன்றை அடுக்குவது ஆகிய வசதிகள் அதில் உண்டு. விஎம்டிகே விஎம்வேருக்கும், விடிஐ விர்ச்சுவல்பாக்ஸுக்கும், விஹெச்டிஎக்ஸ் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-விக்கும் உரியவை. க்யூஎமு-இமேஜ் கன்வர்ட் கட்டளையால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் இந்தத் தேர்வைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். க்யூகவ்2 வடிவத்தில் தொடங்குங்கள்.

அளவைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். வட்டைப் பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவது கடினம். படிமத்தைச் சுருக்குவதற்கு முன் உள்ளே இருக்கும் கோப்பு முறைமையைச் சுருக்கியாக வேண்டும். ரெட் ஹேட் வகை இயங்குதளங்கள் இயல்பாகப் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை அவ்வாறு சுருக்க வழியில்லை. ஆகவே வரைகலைத் திரை இல்லாத சர்வருக்கு 10 ஜிபி, திரையுடன் கூடிய மேசைக்கணினிச் சூழலுக்கு 20 ஜிபி என்ற அளவில் தொடங்கி, நகல் எடுக்கும்போது தேவைக்கேற்பப் பெரிதாக்குவதே சரியான வரிசை.

க்யூகவ்2 கோப்புக்கு இரண்டு அளவுகள் உண்டு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்: உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குக் காட்டப்படும் அளவு ஒன்று, ஹோஸ்டின் வட்டில் உண்மையில் அது பிடித்திருக்கும் இடம் மற்றொன்று. க்யூஎமு-இமேஜ் இன்ஃபோ கட்டளை இரண்டையும் காட்டும். 500 ஜிபி வட்டுள்ள ஹோஸ்டில் 20 ஜிபி அளவுள்ள 30 இயந்திரங்களை உருவாக்க முடியும். கணக்குப்படி அது 600 ஜிபி ஆனாலும் தொடக்கத்தில் எந்தத் தடையும் வராது. மாணவர்கள் கோப்புகளை நிரப்ப நிரப்ப ஒரு நாள் ஹோஸ்டின் இடம் தீரும்போது, இயந்திரங்கள் எழுத இடமின்றி ஒவ்வொன்றாக இடைநிறுத்தப்படும். எனவே ஹோஸ்டின் காலி இடத்தைத் தொடர்ந்து கவனிப்பது இந்த முறையோடு சேர்ந்தே வரும் கடமை.

நிறுவல்

விர்ட்-மேனேஜரில் புதிய இயந்திரத்தை உருவாக்கும்போது வட்டு, வலையமைப்பு அட்டை இரண்டுக்கும் விர்ட்-ஐஓ வகையைத் தேர்ந்தெடுங்கள். இது உண்மையான வன்பொருளைப் போலச் செய்யாமல், தான் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கிறோம் என்று அறிந்த டிரைவரோடு நேரடியாகப் பேசுவதால் வேகம் நன்றாக இருக்கும். லினக்ஸ் கெர்னலில் இதற்கான டிரைவர்கள் நெடுங்காலமாகவே உள்ளன. இயந்திரம் துவங்குவது பழைய பயாஸ் முறையிலா புதிய யூஇஎஃப்ஐ முறையிலா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ஒரு முறையில் நிறுவிய வட்டு மற்றொரு முறையில் துவங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

வட்டைப் பகிர்வது இந்தப் படியின் முக்கியமான இடம். ரூட் பகிர்வு வட்டில் கடைசியாக அமைய வேண்டும். பின்னாளில் வட்டைப் பெரிதாக்கும்போது புதிய இடம் வட்டின் முடிவில்தான் சேர்கிறது. ரூட்டுக்குப் பின்னால் ஸ்வாப் பகிர்வு ஒன்று உட்கார்ந்திருந்தால் அது வழியை மறித்துக்கொள்ளும், தானாக வளரும் வசதியும் பயனற்றுப்போகும். சில நிறுவிகள் கேட்காமலேயே ஸ்வாப்பைக் கடைசியில் வைப்பதால், தானியங்கிப் பகிர்வை ஏற்காமல் நீங்களே பகிர்வை அமையுங்கள். ஸ்வாப் வேண்டுமானால் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். பகிர்வுகளுக்கு மேல் இன்னோர் அடுக்காக அமையும் எல்விஎம் அமைப்பைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. அதில் பயன் உண்டு, ஆனால் வட்டை வளர்க்கக் கூடுதல் படிகள் தேவைப்படும்.

மென்பொருள் தேர்வில் குறைந்தபட்ச நிறுவலையும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பெயராகப் படிமம் என்பது போன்ற பொதுவான ஒன்றைக் கொடுங்கள். துறையின் பெயரோ ஆய்வக எண்ணோ வேண்டாம்.

உள்ளே செய்ய வேண்டிய அமைப்புகள்

நிறுவல் முடிந்து முதன்முறை துவங்கியதும் எல்லாப் புதுப்பித்தல்களையும் நிறுவி, ஒருமுறை மறுதுவக்கம் செய்யுங்கள். பிறகு க்யூஎமு கெஸ்ட் ஏஜென்ட், கிளவுட்-இனிட், குரோபார்ட் ஆகிய மூன்றையும் சேர்க்க வேண்டும். கெஸ்ட் ஏஜென்ட் இருந்தால் ஹோஸ்டிலிருந்து ஐபி முகவரியைக் கேட்டறியவும் முறையாக நிறுத்தவும் முடியும். குரோபார்ட் முதல் துவக்கத்தில் ரூட் பகிர்வை வட்டின் முழு அளவுக்கும் விரிப்பது. கிளவுட்-இனிட் பெயரளவில் கிளவுடுக்கு உரியதானாலும் நம் ஆய்வகத்துக்கும் அதேயளவு பயன்படுவது: முதல் துவக்கத்தில் வெளியிலிருந்து கொடுக்கப்படும் குறிப்பைப் படித்து, இயந்திரத்துக்குப் பெயரிட்டு, பயனர்களை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் கீகளைப் புதிதாகப் பிறப்பிப்பது அதன் வேலை.

கெர்னல் கட்டளை வரியில் முதல் தொடர் முனையத்தை, அதாவது டிடிஒய்எஸ்0 என்பதை, கன்சோலாகச் சேர்த்துவிடுங்கள். வலையமைப்பு பழுதானால் ஹோஸ்டிலிருந்து விர்ஷ் கன்சோல் கட்டளை வழியாக உள்ளே செல்ல இதுவே வழி. ஈடிசி அடைவிலுள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டுகள் எஸ்டிஏ, விடிஏ போன்ற பெயர்களால் குறிப்பிடப்படாமல், கோப்பு முறைமைக்கே உரிய அடையாள எண்ணான யூயூஐடியால் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வட்டின் வகை மாறினால் பெயரும் மாறும், யூயூஐடி மாறாது. ரெட் ஹேட் வகையில் டிராகட் என்ற கருவி, நிறுவிய அந்த இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் துவக்கக் கோப்பில் வைக்கும். அந்தப் படிமத்தை வேறு மெய்நிகராக்க மென்பொருளுக்குக் கொண்டுபோனால் வட்டு தெரியாமல் துவக்கம் நின்றுவிடும். நோ-ஹோஸ்ட்ஒன்லி விருப்பத்துடன் துவக்கக் கோப்பை மீண்டும் உருவாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

நம் ஆய்வகங்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. தமிழ் எழுத்துருக்களையும் ஐபஸ் உள்ளீட்டுக் கருவியையும் தமிழ்99 விசைப்பலகையையும் படிமத்திலேயே நிறுவி வையுங்கள். நோட்டோ, லோஹித் ஆகிய எழுத்துருக் குடும்பங்களில் தமிழ் உண்டு, இரண்டும் கட்டணமற்றவை. தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர் முதல் நாளே தன் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்ய முடிவது சிறிய வசதியன்று. அதைப் பிறகு ஒவ்வோர் இயந்திரத்திலும் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காமலே போகும்.

அடையாளத்தை நீக்குதல்

இனி வருவதே முழு வேலையின் உயிர்நிலை. இங்கே அவசரப்பட வேண்டாம்.

ஈடிசி அடைவில் மெஷின்-ஐடி என்றொரு கோப்பு இருக்கிறது. நிறுவலின்போது தற்செயலாகப் பிறப்பிக்கப்படும் அந்த எண் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனியாக இருக்க வேண்டியது. சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற வலையமைப்புச் சேவை, டிஹெச்சிபி சர்வரிடம் ஐபி முகவரி கேட்கும்போது தன்னை அடையாளப்படுத்த இந்த எண்ணிலிருந்து பிறந்த குறியீட்டையே அனுப்புகிறது. வலையமைப்பு அட்டைகளின் அடையாளமான மேக் முகவரிகள் வேறு வேறாக இருந்தாலும் மெஷின்-ஐடி ஒன்றாக இருந்தால், டிஹெச்சிபி சர்வர் எல்லா நகல்களையும் ஒரே இயந்திரமாகக் கருதி ஒரே ஐபி முகவரியைக் கொடுத்துவிடும். உபுண்டு சர்வரை நகல் எடுத்தவர்கள் இணைப்பு வருகிறது, போகிறது என்று வலையமைப்பு கேபிளையும் சுவிட்சையும் மாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதனால்தான். அந்தக் கோப்பை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கிவிடுங்கள். அடுத்த துவக்கத்தில் புதிய எண் தானாகப் பிறக்கும்.

அடுத்தது எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீகள், அதாவது எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைபவருக்கு ஒவ்வோர் இயந்திரமும் தன்னை அடையாளம் காட்டும் கீகள். இவை எல்லா நகல்களிலும் ஒன்றாக இருந்தால் வெளிப்பார்வைக்கு எந்தக் கோளாறும் தெரியாது, எல்லாம் ஒழுங்காகவே இயங்கும்; ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஒரு நகலின் நிர்வாக உரிமை பெற்ற மாணவர் யாராயினும் அந்தக் கீயை எடுத்து, மற்ற எந்த இயந்திரமாகவும் நடிக்க முடியும். ஆகவே கீகளை நீக்கியாக வேண்டும். நீக்கிய பின் ரெட் ஹேட் வகையில் அவை தானாகப் பிறக்கும். டெபியன் வகையில் கிளவுட்-இனிட் இல்லையென்றால் பிறக்காது, எஸ்எஸ்ஹெச் சேவையே துவங்காது. முன்படியில் கிளவுட்-இனிட்டை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலையமைப்பு அமைப்பையும் பார்க்க வேண்டும். உபுண்டுவில் நெட்பிளான் அடைவிலுள்ள கோப்பில் நிறுவியபோதிருந்த மேக் முகவரி பதிந்திருந்தால், வேறு மேக் முகவரியோடு துவங்கும் நகலுக்கு வலையமைப்பே கிடைக்காது. உபுண்டு சர்வரின் நிறுவி, நிறுவி முடித்ததும் கிளவுட்-இனிட் மீண்டும் இயங்காதபடி ஈடிசி அடைவின் கிளவுட் உள்ளடைவில், கிளவுட்.சிஎஃப்ஜி.டி என்ற இடத்தில், சில கோப்புகளை விட்டுச் செல்வதும் உண்டு. 99-இன்ஸ்டாலர் என்ற பெயரிலும் சப்யூக்விட்டி என்று தொடங்கும் பெயரிலும் அவை இருக்கும். அவற்றை நீக்காவிட்டால் நீங்கள் எவ்வளவு சரியாகக் குறிப்பு கொடுத்தாலும் கிளவுட்-இனிட் அதைத் தேடவே தேடாது. இதன்பின் கிளவுட்-இனிட் கிளீன் கட்டளையைப் பதிவுகளையும் அழிக்கும் விருப்பத்தோடு இயக்குங்கள்.

மற்றவை விரைவில் முடிபவை: டிஹெச்சிபி குத்தகைக் கோப்புகள், சிஸ்டம்டி சேமித்து வைக்கும் ரேண்டம்-சீட் கோப்பு, பதிவேடுகள், தற்காலிகக் கோப்புகள், மென்பொருள் தொகுப்புகளின் கேஷ், முனையத்தில் தட்டச்சு செய்த கட்டளைகளின் வரலாறு, அனுமதிக்கப்பட்ட எஸ்எஸ்ஹெச் கீகளின் கோப்பு. நிறுவலின்போது உருவாக்கிய பயனர் கணக்கு இனித் தேவையில்லை. அதைக் கிளவுட்-இனிட் உருவாக்கிக்கொள்ளும்.

இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே மூச்சில் செய்ய விர்ட்-சிஸ்பிரெப் என்ற கருவி உண்டு. இயந்திரத்தை முழுமையாக நிறுத்திய பிறகே அதை இயக்க வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் வட்டில் அதை ஏவினால் கோப்பு முறைமை சிதைந்துவிடும். பயனர் கணக்குகளை நீக்கும் செயல் அதில் இருந்தாலும் இயல்பாக இயங்காது, தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். கருவி இருக்கிறதே என்று மேலே சொன்னவற்றைப் படிக்காமல் விட வேண்டாம். எது ஏன் நீக்கப்படுகிறது என்று தெரிந்தவருக்கே, எது நீக்கப்படாமல் மிஞ்சியிருக்கிறது என்பதும் தெரியும்.

இந்தப் படி முடிந்த பிறகு அந்த இயந்திரத்தை மீண்டும் துவக்கவே கூடாது. துவக்கினால் புதிய அடையாளம் பிறந்துவிடும், எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

சுருக்குதல்

கோப்பை அழித்தாலும் அதன் உள்ளடக்கம் வட்டில் அப்படியே கிடக்கும். க்யூகவ்2 கோப்பும் அந்த இடத்தை விடாது. இது இடத்தைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று, அழித்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் கடவுச்சொல்லும் கீயும் படிமத்தைப் பெற்றவர் தோண்டி எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும். விர்ட்-ஸ்பார்சிஃபை கருவி இந்த வெற்றிடங்களை வெளியேற்றும். அதன்பின் க்யூஎமு-இமேஜ் கன்வர்ட் கட்டளையைச் சுருக்க விருப்பத்தோடு இயக்கி, புதிய பெயரில் ஒரு க்யூகவ்2 கோப்பை உருவாக்குங்கள். இடையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளும் இந்த மாற்றத்தில் உதிர்ந்துவிடும். புதிய கோப்பு சரியாக இருப்பதைச் சோதித்து முடிக்கும்வரை பழையதை அழிக்க வேண்டாம். கோப்பின் பெயரில் இயங்குதளப் பதிப்பும் தயாரித்த தேதியும் இருக்கட்டும். அதன் எஸ்ஹெச்ஏ256 எண்ணைத் தனிக் கோப்பில் எழுதி உடன் வையுங்கள்.

இரண்டு இயந்திரங்களை எழுப்பிச் சோதித்தல்

ஒரு நகலை மட்டும் எழுப்பிப் பார்த்துப் படிமம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன். அடையாளக் குழப்பம் இரண்டு நகல்களுக்கு இடையில்தான் உண்டாகும். ஒன்று மட்டும் இருந்தால் அது ஒளிந்தே இருக்கும்.

முதலில் மூலப் படிமத்தை யாரும் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பாக மாற்றுங்கள். பிறகு அதை அடிப்படைக் கோப்பாகக் கொண்டு இரண்டு மேலடுக்குக் கோப்புகளை க்யூஎமு-இமேஜ் கிரியேட் கட்டளையால் உருவாக்குங்கள். அடிப்படைக் கோப்பின் வடிவத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், க்யூஎமுவின் 6.1 பதிப்பிலிருந்து அது கட்டாயம். மேலடுக்கில் மாற்றங்கள் மட்டுமே எழுதப்படுவதால் நொடியில் உருவாகும், இடமும் மிகக் குறைவு. அளவை மூலப் படிமத்தைவிடப் பெரிதாக, 30 ஜிபி என்பதுபோல், கொடுங்கள்.

கிளவுட்-இனிட்டுக்கான குறிப்பை நோகிளவுட் முறையில் கொடுக்கலாம் (முன்பு சொன்ன டெபியனின் நோகிளவுட் படிமம் வேறு). மெட்டா-டேட்டா, யூசர்-டேட்டா என்ற இரண்டு சிறு கோப்புகளை எழுதி, சிஐடேட்டா என்ற பெயர் கொண்ட ஒரு சிறிய ஐஎஸ்ஓவில் அடைத்து, இயந்திரத்தோடு குறுவட்டாக இணைக்க வேண்டும். கிளவுட்-லோக்கல்டிஎஸ் என்ற கருவி இதைச் செய்து தரும். மெட்டா-டேட்டாவில் இயந்திரத்தின் அடையாளமும் பெயரும் இருக்கும். ஒன்றுக்குப் பாலாறு என்றும் மற்றொன்றுக்குப் பொன்னை என்றும் ஆங்கில எழுத்துகளில் பெயரிடலாம். யூசர்-டேட்டாவில் பயனர் பெயரும் உங்கள் எஸ்எஸ்ஹெச் பொதுக் கீயும் இருக்கும். அந்தக் கோப்பின் முதல் வரியாக, ஹாஷ் குறியை அடுத்து இடைவெளியின்றி கிளவுட்-கான்ஃபிக் என்று இருக்க வேண்டும். அந்த வரி விடுபட்டால் கோப்பு அமைப்புக் குறிப்பாக எடுத்துக்கொள்ளப்படாது. வரிகளை உள்தள்ள டேப் விசையைப் பயன்படுத்தாமல் இடைவெளிகளையே பயன்படுத்துங்கள்.

இரண்டையும் ஒரே நேரத்தில் துவக்கி, உள்ளே சென்று ஒப்பிடுங்கள். பெயர்கள் நீங்கள் கொடுத்தபடி இருக்கின்றனவா? ஐபி முகவரிகள் வேறு வேறா? மெஷின்-ஐடிகள் வேறு வேறா? ஹோஸ்ட் கீகளின் கைரேகைகள் வேறு வேறா? ரூட் பகிர்வு 30 ஜிபி அளவுக்கு விரிந்திருக்கிறதா? விர்ஷ் கன்சோல் திறக்கிறதா? ஒரு கேள்விக்கு விடை தவறினாலும் நகல்களில் திருத்த முயலாமல் மூலத்துக்குத் திரும்பிச் சென்று திருத்துங்கள்.

விண்டோஸ் படிமம்

விண்டோஸிலும் விதி இதுவே, கருவிகள்தான் வேறு. நிறுவலின்போது விர்ட்-ஐஓ வட்டு தெரியாது. விர்ட்ஐஓ-வின் என்ற ஐஎஸ்ஓவை இரண்டாவது குறுவட்டாக இணைத்து, வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டிரைவரை ஏற்ற வேண்டும். அடையாளத்தை நீக்க மைக்ரோசாஃப்ட் தரும் சிஸ்பிரெப் கருவியை ஜெனரலைஸ், ஓஓபிஇ, ஷட்டவுன் ஆகிய மூன்று விருப்பங்களோடு இயக்குங்கள். அதற்கு முன் இயந்திரத்தை டொமைனில் சேர்க்காதீர்கள், வட்டை மறைகுறியாக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அணைத்துவிடுங்கள். கிளவுட்-இனிட்டின் இடத்தில் கிளவுட்பேஸ்-இனிட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் மெய்நிகர் நகல்களுக்குப் பொருந்தும் என்று எண்ணிக்கொள்ளாமல், நிறுவனத்தின் உரிம ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே நகல் எடுங்கள்.

பகிர்தலும் புதுப்பித்தலும்

படிமத்தைப் பென் டிரைவில் கொண்டுபோகிறீர்கள் என்றால், எஃப்ஏடி32 வடிவத்தில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. எக்ஸ்எஃப்ஏடி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆய்வக வலையமைப்பு நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இருந்தால் 2 ஜிபி படிமம் ஒரு கணினிக்குப் போய்ச்சேரக் குறைந்தது 160 நொடிகள் ஆகும். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் எல்லாமே தாமதமாகும், வகுப்பு இல்லாத நேரத்தில் வரிசையாக அனுப்புங்கள். போய்ச்சேர்ந்ததும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருவதால் பழைய படிமத்திலிருந்து எழும் ஒவ்வொரு புதிய இயந்திரமும் பழைய ஓட்டைகளோடுதான் எழும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலாவது படிமத்தைப் புதிதாகத் தயாரியுங்கள். பழையதை எழுப்பித் திருத்துவதைவிட முதலிலிருந்து செய்வதே தூய்மையானது. அதற்காக, செய்த ஒவ்வொரு படியையும் எழுதி வையுங்கள், கை பழகிய பின் அந்தக் குறிப்பையே ஒரு ஸ்கிரிப்டாகவோ பேக்கர் போன்ற கருவிக்கான வார்ப்பாகவோ மாற்றிக்கொள்ளலாம். புதியது வந்ததும் பழைய படிமத்தை அழிக்கத் தோன்றும். அதன்மேல் அடுக்கப்பட்ட மேலடுக்குக் கோப்புகள் ஏதேனும் இன்னும் இயங்குகின்றனவா என்று க்யூஎமு-இமேஜ் இன்ஃபோவால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே அழியுங்கள். அடிப்படைக் கோப்பு போய்விட்டால் மேலடுக்கு எதுவும் துவங்காது, அதிலிருந்த மாணவரின் வேலையையும் மீட்க முடியாது.